இன்னும் இளைப்பதா, இப்படியே இருப்பதா?

விருதுநகர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களின் சம்பாஷணை ஒரு காலத்தில் பருப்பு விலையில் தொடங்கி, வற்றல் விலைக்குத் தாவி, கடைசியில் மழையில் வந்து முடிவது வழக்கம். இப்போது அது எடையில் தொடங்கி எடையிலேயே முடிகிறது. "எத்தனை கிலோ குறைந்தது?" என்று ஒருவர் கேட்கிறார். "ஏழு" என்கிறார் மற்றவர். கேட்டவருடைய முகத்தில் ஒரு கணம் பொறாமை தோன்றி மறைகிறது. வியாபாரத்துக்குப் பேர்போன ஊரில் குறைந்துபோனதைச் சொல்லிப் பெருமைப்படும் விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறோம்.

நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்தாம். இரண்டு வருஷத்துக்கு முன் நம்முடைய எடை 82 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த டாக்டர் ஒருவர் ரத்தத்தைப் பரிசோதித்து, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண் 6.3 என்றும், அது 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்றும் சொல்லி, "எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று எச்சரித்தார். பயத்தைப் போன்ற உபாத்தியாயர் வேறு யாரும் இல்லை. ராத்திரிப் பரோட்டா நின்றது. காப்பியில் சர்க்கரை நின்றது. தெப்பக்குளத்தைச் சுற்றத் தொடங்கினோம். பதினான்கு மாதத்தில் 11 கிலோ இறங்கி 71-ல் வந்து நின்றோம். சர்க்கரை எண்ணும் 5.9-க்கு இறங்கிற்று.

இதற்குப் பிறகுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று.

சிவகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். உறவில் அத்தை முறையாக வேண்டிய ஒரு மூதாட்டி நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னப்பா இப்படி வத்திப் போயிட்ட? உடம்புக்கு முடியலையா? சர்க்கரையா?" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி விசாரித்தார். நம் ஊர்ப் பக்கத்தில் ஒருவன் பருத்தால் காசு வந்திருக்கிறது என்றும், இளைத்தால் வியாதி வந்திருக்கிறது என்றும் பொருள். வீட்டிலோ, "இளைத்தது போதும், சட்டைகளைப் பிடித்துத் தைக்கும் கூலிக்கே சம்பளம் சரியாக இருக்கிறது" என்று தீர்ப்பாகிவிட்டது. தெப்பக்குளத்து நண்பரோ, அட்டவணையைக் காட்டி, "உங்கள் உயரத்துக்கு 65 கிலோதான் இருக்க வேண்டும், இன்னும் ஆறு கிலோ பாக்கி" என்று கணக்கு வைத்தார். நம்மிடம் படித்த பையன் ஒருவன் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறான். அவன் சொன்னது மூன்றாவது விதம்: "எடையை மறந்துடுங்க சார். எடை அப்படியே இருக்கட்டும். கொழுப்பு இறங்கணும், சதை ஏறணும். உடம்பை மாத்திக் கட்டணும்."

மூன்று பேரும் நம் நன்மையை விரும்புகிறவர்களே. மூவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று எதிர். இப்படியே விட்டிருப்போம், ஆனால் ஒரு நாள் கடையிலிருந்து வந்த 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டில் இரண்டு தடவை இறக்கி வைக்க நேர்ந்தது. 82 கிலோவாக இருந்த நாளில் அதே சிப்பத்தை ஒரே மூச்சில் ஏற்றியவர்கள் நாம். குறைந்த பதினொரு கிலோவில் எதையோ நல்லதையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம் என்ற சந்தேகம் அன்றுதான் தட்டியது.

மூட்டையும் சரக்கும்

நம் ஊர் மண்டி வியாபாரி ஒருவர் வற்றல் மூட்டையைத் தராசில் வைத்ததோடு திருப்தியடைந்து பணத்தை எண்ணிக் கொடுப்பாரா? மாட்டார். மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை வற்றலை எடுத்துப் பார்ப்பார், முறித்துப் பார்ப்பார், குலுக்கி விதையின் சத்தத்தைக் கேட்பார். ஈரம் ஏறின வற்றலும் எடை நிற்கும். நன்றாகக் காய்ந்த வற்றலும் எடை நிற்கும். விலை ஒன்றாகுமா? வற்றலில் இவ்வளவு விவேகம் காட்டுகிற நாம், சொந்தத் தேகத்தின் விஷயத்தில் மட்டும் தராசு முள்ளோடு நின்றுவிடுகிறோம்.

நண்பர் காட்டிய அட்டவணையின் பூர்வோத்தரம் சுவையானது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்தை 1832-ம் வருஷ வாக்கில் கண்டவர் கெத்லே என்ற பெல்ஜியம் தேசத்துக் கணித நிபுணர். அவர் வைத்தியரல்ல, வான சாஸ்திரமும் புள்ளி விவரமும் அறிந்தவர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று ஆராயப் புகுந்தாரே தவிர, யார் கொழுத்தவர், யார் மெலிந்தவர் என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. 1972-ம் வருஷம் அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸெல் கீஸ் அதற்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டிய பிறகே அது வைத்தியசாலைகளுக்குள் பரவிற்று. ஒரு தேசத்து மக்களைத் தொகுத்துப் பார்க்க அது நல்ல கருவி; ஒரு தனி மனிதனுக்கு அது வாசற்படி மட்டுமே.

அதிலும் நம் தேசத்தாருக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. 2004-ம் வருஷம் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் படம் பக்கத்தில் பக்கமாக அச்சாயிற்று. ஒருவர் புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்ஞிக். மற்றவர் லண்டன் டாக்டர் யுட்கின். இருவருக்கும் உயர எடைக் கணக்கு ஒரே எண்தான்: 22.3. அட்டவணை இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து "பேஷ்" என்கிறது. தேகத்திலுள்ள கொழுப்பை அளந்தபோதோ, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! தராசில் சமமான இரண்டு மூட்டைகள். உள்ளே சரக்கு வேறு. மெலிந்த கை கால், உள்ளே ஒளிந்த கொழுப்பு என்ற இந்த அமைப்பு தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிறது என்பதற்குப் புனாவைச் சுற்றியுள்ள கிராமக் குழந்தைகளிடம் யாஜ்ஞிக் குழுவினர் சான்று கண்டிருக்கிறார்கள். பல தலைமுறைப் பஞ்சமும் அரைவயிற்றுச் சோறும் நம் தேகத்தில் எழுதிவிட்டுப் போன எழுத்தோ இது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இதனால்தான் நம் தேசத்து வைத்தியர்கள் எல்லைக் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். மேல்நாட்டாருக்கு அந்த எண் 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தாண்டினால் பருமன். நமக்கு 23-லேயே எச்சரிக்கை, 25-லேயே பருமன். அதோடு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருக்க வேண்டும். நம்முடைய 71 கிலோவுக்குக் கணக்கு 25-ஐச் சற்றே தாண்டியது. இடுப்பு 93. ஆகவே அத்தையின் பேச்சைக் கேட்டு மீண்டும் பருப்பதற்கு நமக்கு அருகதை இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

இது ஏதோ நம் ஒருவருடைய கவலையும் அல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் அதிக எடையுள்ளவர்கள். அதே ஆய்வில் எட்டுப் பெண்களில் சுமார் ஒருத்தி போதிய எடை இல்லாதவள். இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல் சோகை பிடித்தவள். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன.

எது கரைகிறது?

பத்தியம் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ மளமளவென்று இறங்கும். அதைக் கண்டு மனிதன் பூரித்துப் போகிறான். நாமும் பூரித்தோம். அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து செலவாகும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் கூட அழைத்துக்கொண்டு வெளியேறுகிறது. கொழுப்பு அத்தனை சுலபமாகப் போவதில்லை. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினம் 500 கலோரி குறைத்தாலும் அதைக் கரைக்க இரண்டு வாரத்துக்கு மேலாகும்.

தண்ணீர், கொழுப்பு இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் போகிறது. அதுதான் தசை. வெறும் பத்தியத்தால் இளைத்தவருடைய எடைக் குறைவில் கால் பங்கு கொழுப்பல்லாத பொருளாக இருப்பது சாதாரணம். இப்போது பிரபலமாகிவரும் இளைக்கும் ஊசி மருந்தில்கூட இந்தக் குறை உண்டு; 2021-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், தேகத்தின் கூறுகளைப் படமெடுத்து அளந்தவர்களிடம், குறைந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இவ்விதம் போயிருந்தது. நமது அரிசிச் சிப்பத்தின் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

தசை போனால் என்ன, நாம் என்ன மல்யுத்தமா செய்யப் போகிறோம் என்று கேட்கலாம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சுருங்கினால் சரக்கு தெருவில்தானே கிடக்கும்? முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரையில் தசை தானாகவே குறைகிறது. நாற்பதைத் தாண்டியவர் பத்தியத்தால் வேறு அதைக் கரைத்தால், அறுபதில் மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேட வேண்டியதுதான்.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு பழைய பரிசோதனையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மேலே கண்ட ஆன்ஸெல் கீஸ், 1944-ம் வருஷக் கடைசியில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் 36 வாலிபர்களைச் சேர்த்தார். அவர்கள் மனச்சாட்சியின் பேரில் யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களுக்கு எப்படி மீண்டும் ஆகாரமளிப்பது என்று அறிவதற்காகத் தங்கள் தேகத்தைக் கொடுக்க முன்வந்தார்கள். ஆறு மாதம் பாதி வயிறு. உருளைக் கிழங்கும் ரொட்டியும் டர்னிப்பும். வாரத்துக்கு 22 மைல் நடை. தேக எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. சதா சாப்பாட்டு நினைவு. சிலர் சமையல் புஸ்தகங்களை நாவல் போல வாசித்தார்கள். குளிர், சோர்வு, சிடுசிடுப்பு. இதெல்லாம் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது பின்னால் நடந்தது. ஆகாரம் மீண்டும் தாராளமானதும், தசை பழைய அளவுக்குத் திரும்புவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிச் சென்றுவிட்டது. கடும் பத்தியம் இருந்து, விட்டு, மறுபடி இருந்து, மறுபடி விடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தசையை விற்றுக் கொழுப்பை வாங்கி வருகிறார்கள் என்று நாம் அஞ்சுவது இதனால்தான்.

பட்டினி என்றால் நம்மவர்களுக்குக் காந்திஜியின் நினைவு வராமலிராது. விருதுநகரில் அதற்கு மேலும் ஒரு நினைவு உண்டு. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி 1956-ம் வருஷம் ஜூலை 27-ல் இங்கே உண்ணாவிரதம் தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், எழுபது நாட்களுக்கு மேல் அன்னமின்றி இருந்து அக்டோபர் 13-ல் உயிர் நீத்தார். அந்தத் தவங்களை நம் தொந்திக் கணக்கோடு சேர்த்துப் பேசுவது அபசாரம். ஆனாலும் காந்திஜியின் தேகத்தைப் பற்றிய ஒரு விவரம் இங்கே உபயோகப்படும். அவருடைய வைத்தியக் குறிப்புகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்டது. 1939-ல் அவருடைய எடை 46.7 கிலோ, உயர எடைக் கணக்கு 17.1. அட்டவணைப்படி போதிய எடை இல்லாதவர். நாற்பது வருஷ காலம் தினம் சுமார் 18 கிலோமீட்டர் நடந்தவர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அவருக்கே 1940-ல் ஒரு சமயம் ரத்த அழுத்தம் 220-க்கு 110 இருந்திருக்கிறது! மெலிந்தவருக்கு ஒன்றும் வராது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

யாருக்கு எந்த வழி?

ஆகவே இன்னும் இளைப்பதா, இருந்த இடத்தில் நிற்பதா, தேகத்தை மாற்றிக் கட்டுவதா என்ற கேள்விக்கு ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. நம் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம்.

கணக்கு 27, 28-க்கு மேல் உள்ளவர்களும், ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களும், நீரிழிவு புதிதாக வந்தவர்களும் இன்னும் இளைப்பதே சரி. இங்கே வெட்கத்துக்கும் அத்தைக்கும் இடமில்லை. பிரிட்டனில் 2017-ல் முடிவு வெளியான ஒரு பரிசோதனையில், நீரிழிவுக்காரர்களைக் கடுமையான ஆகாரக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். ஒரு வருஷத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் மருந்தில்லாமலே சர்க்கரையின் பிடியிலிருந்து வெளியேறினார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 100-க்கு 86 பேர்! அப்படிப்பட்டவரைப் பார்த்து "போதும், முகம் ஒட்டிவிட்டது" என்று சொல்வது அன்புதான். ஆனால் விலையுயர்ந்த அன்பு. மாத்திரை, ஊசி போட்டுக்கொள்பவர் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் ஆகாரத்தைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்துபோய் மயக்கம் வரும்.

நெடுநாள் பத்தியமிருந்து களைத்தவர்களுக்கு நிற்பதே உத்தமம். எந்நேரமும் பசி, தூக்கமின்மை, கொத்துக் கொத்தாய் முடி உதிர்வது, பெண்களுக்கு மாதவிலக்குத் தவறுவது, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, இவையெல்லாம் தேகம் காட்டும் சிவப்புக் கொடி. வீட்டில் கல்யாணமோ பரீட்சையோ நடக்கும் காலத்திலும், பங்குனிப் பொங்கல் சமயத்திலும் புதிய சங்கல்பம் செய்துகொள்வது வீண். நிற்பது என்றால் சும்மா இருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. இளைத்த தேகத்துக்கு முன்னைவிடக் குறைவாகவே ஆகாரம் தேவை; பசியோ முன்னைவிட அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் ஒரே எடையில் நின்று காட்டுவது இளைப்பதைவிடக் கஷ்டமான காரியம். அமெரிக்காவில் எடையைக் குறைத்து வெகு காலம் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்று 1994 முதல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோரிடம் கண்ட பழக்கங்கள் மிகச் சாதாரணமானவை: நிறைய நடக்கிறார்கள், காலை ஆகாரத்தை விடுவதில்லை, வாரம் ஒரு முறையாவது தராசில் ஏறுகிறார்கள்.

மூன்றாவது வழி நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்பட்டது. எடை எல்லையருகே இருக்கிறது. இடுப்பு மட்டும் பிடிவாதம் செய்கிறது. ஜன்மத்தில் பாரம் தூக்கிப் பயிற்சி செய்ததில்லை. கொழுப்பு குறைவதும் தசை வளர்வதும் ஒரே சமயத்தில் நடக்குமா என்று நாமும் சந்தேகப்பட்டோம். கனடாவிலுள்ள மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சி சந்தேகத்தைத் தீர்த்தது. 40 வாலிபர்கள் நான்கு வாரம் ஆகாரத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். புரதம் மிகுதியாகச் சாப்பிட்ட கோஷ்டி 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ தசையைச் சம்பாதித்தது. புரதம் அதில் பாதியாக இருந்த கோஷ்டியும் கொழுப்பை இழந்தது. ஆனால் தசையில் லாபமில்லை, நஷ்டமும் இல்லை. அவர்கள் இருபது வயதுக்காரர்கள், மேற்பார்வையில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. நாற்பதில் இது மெதுவாகவே நடக்கும். ஆனால் புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவருக்கு நடக்கும்.

ஒரு அம்மாளின் விஷயம் இங்கே ஞாபகம் வருகிறது. நம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய். பட்டாசு ஆலையில் வேலை. 1923-ம் வருஷ வாக்கில் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை இங்கே ஊன்றிய நாளிலிருந்து, இந்த வறண்ட பூமியைக் காப்பாற்றி வருவது விரல் உழைப்பு. காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து திரி வைப்பதும், சரம் பின்னுவதும், பெட்டியில் அடுக்குவதும் விரலைத் தேய்க்குமே தவிரத் தொடைக்கும் முதுகுக்கும் வேலை கொடுப்பதில்லை. எண்ணிக்கைக்குக் கூலியாதலால் எழுந்து நடந்தால் காசு குறையும். "கை காலெல்லாம் குச்சி சார், வயிறு மட்டும் இப்படி. ராத்திரிச் சோத்தை நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். எடை 52 கிலோவாம். புனா டாக்டர் சொன்ன தேகம் அப்படியே எதிரே நின்றது. அவரைப் பட்டினி போட்டால் இருக்கிற கொஞ்சம் தசையும் போகும். வயிறு கடைசியில்தான் போகும். ராத்திரிச் சோற்றை நிறுத்த வேண்டாம், அதில் பாதியைக் குறைத்துப் பருப்போ முட்டையோ சேருங்கள், சர்க்கார் ஆஸ்பத்திரியில் சோகைக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினோம். முட்டை விலையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. தேகத்தை மாற்றிக் கட்டுவது என்பது பணக்காரப் பொழுதுபோக்காகப் பேசப்படுகிறது. அது அதிகம் வேண்டியிருப்பது இவர்களுக்குத்தான்.

ஒரு பிடி அரிசி

நம் ஊர் ஆகாரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டா, சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று முப்பது மைல் சுற்றளவுக்குள் இத்தனை எதிரிகளை வைத்துக்கொண்டு இளைத்தவனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கலாம். ஆனால் இந்தக் கரிசல் காடு ஆதியில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்ற பூமி. பருப்பும் நிலக்கடலையும் மலிந்த பூமி. பரோட்டா பின்னால் வந்த விருந்தாளி. விருந்தாளி தினமும் வந்தால் எப்படி?

தேகத்துக்கு வேண்டிய புரதம் கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் விதித்திருக்கிறது. நம் எடைக்கு அது 59 கிராம். பயிற்சி செய்து தசை வளர்க்க விரும்புகிறவருக்கு 1.2 முதல் 1.6 வரை வேண்டும். அதாவது 85-க்குக் குறையாமல். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது.) நம் சாப்பாட்டை ஒரு வாரம் எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தபோது 50 கிராம்கூடத் தேறவில்லை. பதினொரு கிலோவில் தசை போனது ஏன் என்று இதற்கு மேல் கேட்பானேன்?

இந்த ஊரில் க்ஷத்திரிய வித்யாசாலை நடந்தது வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியால். சமைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியாக வைத்து விடுவார்கள்; அதைத் திரட்டிப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். அங்கே படித்த காமராஜர் முதன் மந்திரியாகி, 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது எல்லோரும் அறிந்தது. அந்தப் பழைய வழக்கத்தையே நம் வீட்டில் வேறு விதமாக மீண்டும் கொண்டுவந்தோம். உலையில் இடும் முன் ஆளுக்கு ஒரு பிடி அரிசியைத் திரும்ப எடுத்து வைப்பது. அந்த ஒரு பிடிக்குப் பதிலாக ஒரு பிடி பருப்பைச் சேர்ப்பது. ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று வைத்தால், அரிசியில் புரதம் 3 கிராம். துவரம் பருப்பில் ஏறக்குறைய 9 கிராம். கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். இதோடு காலையில் இரண்டு முட்டை, மாலையில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை, ராத்திரி ஒரு கிண்ணம் தயிர், வாரம் மூன்று நாள் மீன் அல்லது கோழி. சைவர்கள் சுண்டலையும் சோயாவையும் நாடலாம். கடலையின் அளவில் மட்டும் ஜாக்கிரதை. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம்.

ஆகாரம் பாதிதான். தசைக்கு வேலை கொடுக்காமல் பருப்பை மட்டும் கொடுத்தால் அது வளராது. நடை நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது. நம் பக்கத்துக் கிராமங்களில் சாவடிக்கு அருகே உருண்டையாக ஓர் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிகிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்று தாத்தாக்கள் கதை சொல்வார்கள். ஒரே நாளில் யாரும் பெரிய கல்லைத் தூக்கிவிடவில்லை. சின்னக் கல்லில் தொடங்கித்தான் பெரிய கல்லுக்குப் போனார்கள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்ற இன்றைய சாஸ்திரத்தின் சாரம் இதற்கு மேல் ஒன்றுமில்லை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம் தேசத்தில் இல்லாத பயிற்சியா? அன்னிய ஆட்சிக் காலத்தில் "நாம் நோஞ்சான்கள்" என்ற ஏச்சைத் துடைப்பதற்காக ஊர் ஊராய்த் தேகப் பயிற்சிச் சாலைகள் தோன்றின. பெங்களூரில் கே. வி. ஐயர் சூரிய நமஸ்காரத்தையும் பாரப் பயிற்சியையும் இணைத்துச் சீடர்களைத் தயார் செய்தார். இன்று சுயராஜ்யத்தில் நோஞ்சானாகவும் தொந்தியாகவும் ஏககாலத்தில் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

நம் மாணவன் வகுத்த பாடம் வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நிமிஷம். பஸ்கி, தண்டால், தரையிலிருந்து பாரம் எடுத்தல், தோளுக்கு மேல் தள்ளுதல், இழுத்தல். முதல் மாதம் சுவரில் கை ஊன்றித் தண்டால். வாத்தியாருக்கு மாணவன், "முதுகை வளைக்காதீங்க சார், மறுபடியும் முதல்லேருந்து" என்று உத்தரவு போடுவதைக் கேட்பது பணிவு கற்க நல்ல வழி. பெண்கள் இதைச் செய்தால் உருண்டு திரண்டுவிடுவார்கள் என்ற பயம் அனாவசியம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் காலத்தில் அவர்களுக்கே இது அதிகம் வேண்டும். நம் வீட்டு அம்மாளும் இரண்டாவது மாதத்திலிருந்து தண்ணீர் நிரப்பிய குடத்தை வைத்துக்கொண்டு பஸ்கி போடுகிறார். கல்யாணத்துக்கு வந்த அத்தைக்கு இது இன்னும் தெரியாது.

நூல் அளவு

மாற்றிக் கட்டும் வழியில் போகிறவருக்குத் தராசு ஒரு பொய்ச் சாட்சி. தசை ஏறிக் கொழுப்பு இறங்கினால் முள் அசையவே அசையாது. மனிதன் வெறுத்துப்போய் விட்டுவிடுவான். ஆகையால் வேறு அளவு வேண்டும். ஒரு நூலைத் தலை முதல் பாதம் வரை அளந்து வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்ற வேண்டும். நுனிகள் சேர்ந்தால் சரி. சேராவிட்டால் வயிற்றில் கொழுப்பு மிச்சம். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு என்ற இந்த விதிக்குத் தராசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். நமக்கு அது 84 சென்டிமீட்டர். நம் நூல் ஒன்பது சென்டிமீட்டர் குறைந்தது! கடையில் பாதத்தை வைத்தால் கொழுப்பு சதவீதம் சொல்லும் மின்சாரத் தராசுகள் கிடைக்கின்றன. தண்ணீர் குடித்தால் ஒன்றும், குடிக்காவிட்டால் ஒன்றுமாகச் சொல்கின்றன. அதற்கு நூலே மேல்.

சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டர் இல்லாத வீடு நம் பக்கத்தில் கிடையாது. அதன் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இடுப்பையும், எடையையும், நிறுத்தாமல் போட்ட தண்டாலையும் எழுதி வந்தோம். ஆறு மாதம் கழித்துத் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். எடை 71-லிருந்து 70. தெப்பக்குளத்து நண்பர் கேட்டால் "ஒரு கிலோவா!" என்று கைகொட்டிச் சிரிப்பார். இடுப்பு 93-லிருந்து 89. தண்டால் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, பதினான்கு. சர்க்கரை எண் 5.7. நூலில் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது. அதற்காக இரண்டு மூன்று கிலோ இளைப்பதா, இதே பாதையில் போவதா என்று மறுபடி யோசிக்க வேண்டும். பங்குனிப் பொங்கல் முடியட்டும் என்று ஒத்திவைத்திருக்கிறோம்.

போன வாரம் அரிசிச் சிப்பம் வந்தது. மாடிக்கு ஏற்றினோம். இந்தத் தடவை நடுவில் இறக்கவில்லை.